பூங்காவுக்கு வந்த பிள்ளையார்

அன்னவயல் நகர், செங்குளப்பட்டி
9.6.2024

அன்புத் தம்பி சொக்கநாதனுக்கு,

அக்கா பிருந்தா எழுதுவது. உன் மச்சானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. பவதாரிணியும் பிள்ளையும் சுகம்தானே?

போனில் பூங்கா என்று வாயைத் திறந்தாலே, "கடிதமா எழுதுக்கா" என்று வைத்துவிடுகிறாய். இந்தக் காலத்தில் அக்காவைக் கடிதம் எழுதச் சொல்கிறவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். என்ன மர்மமோ, எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காவில் கடைகள் கட்டப் போகிறார்கள். பேரூராட்சியில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாகக் கடை, மேலே ஒரு படிப்பகம். படிப்பகம் என்பது ஊர் வாயை மூடுவதற்கு. மனை பிரித்தபோதே அந்த இடத்தைப் பூங்காவுக்கு மட்டும் என்று பேரூராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. பிறகு எப்படித் தீர்மானம் போட்டார்கள்? நெஞ்சில் ஆபரேஷன் செய்த பிறகு உன் மச்சான் காலையும் மாலையும் நடப்பது அங்கேதான். ரோட்டில் நடந்தால் உசிலம்பட்டி பஸ்காரன் நேரே கைலாசத்துக்கு டிக்கெட் கொடுத்துவிடுவான்.

வார்டு கவுன்சிலர் வெள்ளைத்துரை வீட்டுக்கே வந்து, "அக்கா, நானும் ஒங்க பக்கந்தேன், கவலப்படாதீக" என்றார். அந்த ஆளின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நீ சென்னையில் பேரூராட்சிகளைக் கவனிக்கிற அலுவலகத்திலேயே கண்காணிப்பாளராக இருக்கிறாய். சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுது. வெயிலில் அலையாதே, மோர் குடி.

உன் அக்கா,
பிருந்தா


சென்னை
2.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம். மச்சானை மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்.

பொதுவாகச் சொல்வதானால், பூங்காவுக்கென்று தானமாகப் பெற்ற இடத்தை ஓர் உள்ளாட்சி மன்றம் தன் விருப்பப்படி வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது. தீர்மானம் மட்டும் போதாது, மேலிடத்து ஒப்புதல் வேண்டும். அந்த இடம் பூங்காவாகவே பயன்பாட்டில் இருப்பது முக்கியம். இதற்கு மேல் நான் எழுதுவது முறையாகாது.

செடி வையுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளைகள் விளையாடட்டும்.

பவதாரிணி உன் முழங்காலை விசாரித்தாள்.

அன்புடன்,
சொக்கநாதன்


செங்குளப்பட்டி
14.7.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே ஆடிக் காற்று முந்திக்கொண்டு வந்து வீட்டுக்குள் புழுதியாகக் கொட்டுகிறது. மற்றபடி நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

கடிதம் கிடைத்தது. "முறையாகாது" என்று அக்காவுக்கே எழுதுகிறாயே, நான் என்ன மனு கொடுத்தவளா? போகட்டும், செடி வைத்தோம். ஆனால் செடியைப் பார்த்து எவன் பயப்படுவான்? நேற்று எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தலைவர் சாம்பசிவம் சார் நல்ல யோசனை சொன்னார். பூங்காவின் ஈசான்ய மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்துவிடலாம். சுவரோரம் அசிங்கம் செய்கிறவனைத் தடுக்கவே சாமி படம் ஒட்டுகிற ஊர் இது. பிள்ளையார் உட்கார்ந்த இடத்தில் கடப்பாரையை இறக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

உன் மச்சான் சும்மா இருப்பாரா? "திருட்டுப் பிள்ளையாருக்குத்தேன் சக்தி சாஸ்தி. வாங்க, கீழக்குயில்குடிப் பக்கம் போயி ஒண்ணத் தூக்கிட்டு வருவம்" என்று கிளப்பிவிட்டார். எல்லாரும் சிரித்தோம். வெள்ளைத்துரை மட்டும், "எதுக்குண்ணே திருடணும்? செலை, மேடை, தகரக் கொட்டகை எல்லாம் எம்பொறுப்பு" என்றார்.

ஓசியில் கொடுக்கிறவனைக் கண்டால் எனக்கு உதறும். ஆனாலும் சாமி காரியம், என்ன சொல்வது? விநாயகர் சதுர்த்திக்குப் பிரதிஷ்டை. பவதாரிணியைக் கூட்டிக்கொண்டு வா.

அன்பு அக்கா,
பிருந்தா


சென்னை
18.7.2024

அக்காவுக்கு,

நலம்.

பிள்ளையார் வேண்டாம். மேடை, கொட்டகை, எதுவுமே பூங்காவுக்குள் கட்ட வேண்டாம். சங்கத்தில் எடுத்துச் சொல். காரணம் கேட்காதே. அவசரம் என்பதால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

சொக்கநாதன்


செங்குளப்பட்டி
27.7.2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பூங்காவைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு மாதம் அசைந்து அசைந்து பதில் எழுதியவன், பிள்ளையார் என்றதும் விரைவுத் தபாலில் பறந்து வருகிறாய். வருடம் தவறாமல் சஷ்டி விரதம் இருக்கிறவன் நீ. சாமி வேண்டாம் என்று உன் வாயில் வருமா? யாரோ சொல்லித்தான் இதை எழுதியிருக்கிறாய் என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். முந்தாநாள் பால் பூத்தில் வெள்ளைத்துரை, "எங்க தீர்மானம் ஒங்க தம்பி ஆபீசுக்குத்தேன் போயிருக்காம்ல? ஒங்ககிட்டச் சொல்லலையாக்கா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தம்பி எங்கே வேலை பார்க்கிறான் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. சாம்பசிவம் சாரிடம் மட்டும் பெருமைக்காக ஒருதடவை சொல்லியிருக்கிறேன்.

எதிர்வீட்டு நாய் குரைத்தாலும் எனக்குப் போன் போட்டுச் சொல்கிறவன், எங்கள் பூங்காவின் தலையெழுத்து உன் அலுவலகத்தில் கிடக்கிறதை ஏன் சொல்லவில்லை? கோப்பு உன் மேசையில் இருக்கிறதா? பிள்ளையார் ஏன் வேண்டாம்? போனும் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் பவதாரிணியிடம் கொடுத்துவிடுகிறாய். எனக்குப் பதில் வேண்டும்.

பிருந்தா


செங்குளப்பட்டி
9.9.2024

சொக்கநாதனுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அங்கே எப்படி என்று கேட்டு எழுத மனம் வரவில்லை.

ஆறு வாரமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவரே என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு, "ஒங்க தம்பி என்னதான் சொல்றாரு?" என்று கேட்டார்கள். உன் விரைவுத் தபாலை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தேன். "காரணம் கேட்காதே" என்ற இடத்தில் சாம்பசிவம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒங்க தம்பி யாரு பக்கம்மா?" என்றார். என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்? வெள்ளைத்துரையும் அந்தக் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தீகளாக்கா, கூடப் பொறந்தவுக எழுதுற எழுத்தா இது?" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

சதுர்த்தியன்று பிள்ளையாரை வைத்துவிட்டோம். கொட்டகை ஜோராக இருக்கிறது. முதல் சூடம் நான்தான் காட்டினேன்.

ஒரு வார்த்தை காரணம் சொல்ல வாய் வராத நீயெல்லாம் ஒரு தம்பியா? கூடப் பிறந்தவளைவிட எவனோ கொடுக்கிற டீக்காசு பெரிதாகிவிட்டதா? உனக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்ப நினைத்தேன். அதையும் இங்கேயே பங்கு போட்டுவிட்டேன்.

பிருந்தா


செங்குளப்பட்டி
17.11.2024

அன்புத் தம்பி சொக்கநாதனுக்கு,

நலமா? தீபாவளிக்கு நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது. கோபத்தில் எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இத்தனை நாளா?

கடைகளுக்கு எதிராக மதுரையில் ஐகோர்ட் கிளையில் வழக்குப் போட்டோம். தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் நடத்துகிறார். போன வாரம் பேரூராட்சி தன் பதிலைத் தாக்கல் செய்தது. வக்கீல் வாசிக்க வாசிக்க எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மேலலுவலகத்திலிருந்து அவர்களிடம் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்: அந்த இடம் பூங்காவாகப் பயன்பாட்டில் உள்ளதா? அதற்கு இவர்கள் கொடுத்த பதில்: இல்லை, குடியிருப்போரே கோயில் கட்டி ஆக்கிரமித்துள்ளனர், எனவே பூங்கா ஒதுக்கீட்டை நீக்கி மக்கள் பயன்பெறக் கடைகள் கட்ட அனுமதிக்க வேண்டும். கூடவே புகைப்படம். அதில் நான் சூடத்தட்டோடு நிற்கிறேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்களுக்குப் பிள்ளையார் சரியாகத்தான் அமைந்தார், பிடித்துக் கொடுத்தவன்தான் குரங்கு. கொட்டகைச் செலவு முழுக்க வெள்ளைத்துரை தந்தபோதே என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? அவருடைய மைத்துனருக்கு இரண்டு கடை என்று இப்போது ஊரே பேசுகிறது.

சொக்கா, நீ வேண்டாம் என்றது இதனால்தானா? அந்தக் கேள்வியைக் கேட்டது உன் அலுவலகம்தானே? கேட்டது நீதானா? எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டியாவது ஒரு கடிதம் போடு.

உன் அக்கா,
பிருந்தா


சென்னை
1.12.2024

மதினிக்கு,

பவதாரிணி எழுதுவது. நீங்களும் அண்ணனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நல்லபடியாக இல்லை.

உங்கள் தம்பி எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். அக்டோபரிலிருந்து அவர் சஸ்பென்ஷனில் இருக்கிறார். அரைச் சம்பளம். உங்கள் ஊர்க் கோப்பைப் பார்த்தவர் அவர்தான். அக்கா அங்கே குடியிருக்கிறார், கோப்பில் இருப்பதையெல்லாம் அவருக்குத் தெரிவிக்கிறார் என்று உங்கள் கவுன்சிலர் புகார் கொடுத்திருக்கிறார். ஆதாரமாக இணைத்திருப்பது இவர் விரைவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் படம். உங்கள் கையில் இருந்த கடிதம் கவுன்சிலர் போனுக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

அந்த இடம் பூங்காவாக இருக்கிறதா என்ற கேள்வியை எழுதியவரும் இவர்தான். பிள்ளைகள் விளையாடுகிற இடம், ஆம் என்று பதில் வந்தால் தீர்மானம் தானாகவே விழுந்துவிடும் என்று நினைத்தாராம். இல்லை என்ற பதிலை உங்களை வைத்தே தயாரித்துவிட்டார்கள்.

மதினி, உண்மையைச் சொல்கிறேன். சஸ்பென்ஷன் வரும்வரை வீட்டில் என்னிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் போன் செய்தால் முகம் மாறும், என்னிடம் தந்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது. எவ்வளவு வாங்கினீர்கள் என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

நீங்கள் செப்டம்பரில் எழுதிய கடிதத்தை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

பவதாரிணி


செங்குளப்பட்டி
16.2.2025

என் தம்பி சொக்கநாதனுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதைத் தவிர விசாரிக்க எனக்கு வேறு எதுவும் இல்லை.

பவதாரிணியின் கடிதம் வந்த பிறகு நாலைந்துமுறை உனக்கு எழுத உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது போதவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவும் இல்லை. உன் கடிதத்தை அந்த ஆள் கையில் கொடுத்தவள் நான்தான்.

வழக்கில் உத்தரவு வந்துவிட்டது. பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும். பேரூராட்சியின் கடையும் கூடாது, குடியிருப்போரின் கோயிலும் கூடாது. கட்டியதைக் கட்டியவர்களே எடுத்து இடத்தைச் சுத்தமாக்க வேண்டும். எடுக்காவிட்டால் பேரூராட்சிக்கு மறுபடி வழி திறந்துவிடும் என்றார் வக்கீல். சங்கத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. "சாமிய எடுக்குறதுக்குக் கையெழுத்தா? எங்குடும்பம் வெளங்குமா?" என்று சாம்பசிவம் சார் எழுந்து போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கும் பயம்தான். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் போட்டேன்.

குருக்கள் வந்து பூஜை செய்து, சாமியின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றினார். கும்பத்தை நான் தூக்கிக்கொண்டேன். சிலையை ஒரு வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்ச் சிவன் கோயிலில் சேர்த்தோம். தெருவில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. சாம்பசிவம் சார் மனைவி வாலாம்பாள் இப்போது என்னைப் பார்த்தால் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போகிறார். உன் மச்சானுக்குப் போன வாரம் மயக்கம் வந்ததுகூட அதனால்தான் என்று பேசுகிறார்கள். மாத்திரை சாப்பிடாமல் வெயிலில் நடந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்?

பூங்கா பிழைத்தது. உன் வேலை என்ன ஆகும், சொக்கா? நான் யார் காலில் விழ வேண்டும் என்று சொல், விழுகிறேன்.

பிருந்தா


சென்னை
23.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சாப்பிடுகிறேன். மச்சானுக்கு மயக்கம் என்றதும் மனம் கலங்கியது. நல்ல மருத்துவரிடம் காட்டு.

நீ யார் காலிலும் விழ வேண்டாம். அடுத்த மாதம் விசாரணை. பூங்காவில் கட்டாதே என்று சொன்னது குற்றமில்லை, எங்கள் அலுவலகத்தில் எவரும் சொல்லக்கூடியதுதான். கோப்பில் இருந்ததை உன்னிடம் சொன்னேனா இல்லையா என்பதே கேள்வி. சொல்லவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறார் விசாரணை அதிகாரி. ஒருவன் சொல்லாததற்கு எங்கிருந்து ஆதாரம் கொண்டு வருவது?

என்னிடம் இருப்பவை நீ எழுதிய கடிதங்கள் மட்டும்தான். செப்டம்பர் மாதக் கடிதத்தை நேற்றுத்தான் பிரித்தேன். நீ எவ்வளவு கேட்டும் நான் சொல்லவில்லை என்பது அதில் இருக்கிறது. மற்றவையும் இருக்கின்றன. அந்நியர்கள் படிப்பார்கள். கொடுக்கலாமா, வேண்டாமா? நீ சாட்சியாக வரவும் வேண்டியிருக்கும்.

சொக்கநாதன்


செங்குளப்பட்டி
27.4.2025

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டுக்கு வராமல் ரயிலேறியதற்குப் பவதாரிணி வருத்தப்பட்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

விசாரணை அறையில் நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். அந்த அதிகாரி என் கடிதத்தை எடுத்து, செய்தி வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். "ஒரு வார்த்தை காரணம் சொல்ல வாய் வராத நீயெல்லாம் ஒரு தம்பியா?" தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டீக்காசு வரியையும் அவர் விடவில்லை. நீ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது நீங்க எழுதினதாம்மா?"

"ஆமாம் சார்."

"இதுக்கு இவர் என்ன பதில் எழுதினார்?"

"ஒண்ணுமே எழுதல சார். எம்புட்டுக் கேட்டும் வாயத் திறக்கல. அந்தக் கோவத்துலதேன் அப்படி எழுதிப்புட்டேன்."

அவர் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். நான் திட்டிய திட்டே உன்னைக் காப்பாற்றுகிறது என்று வெளியே வந்ததும் உன் அலுவலக நண்பர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான்.

ஆனால் ரயிலில் திண்டுக்கல் தாண்டும்போது ஒன்று மனதில் தைத்தது. கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் பிறவிக் குணம் இது. போனில் பேசாதே, கடிதமாக எழுது என்று நீ ஆரம்பத்திலிருந்தே சொன்னாயே, அது இதற்காகத்தானா? நான் ஒருநாள் உன்னைக் காட்டிக்கொடுப்பேன், அப்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றா?

இல்லை என்று எழுது, போதும்.

உன் அக்கா,
பிருந்தா


சென்னை
25.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்தேன். மச்சான் காலையில் பூங்காவில் நடக்கிறார் என்று நீ பவதாரிணியிடம் சொன்னாயாம். சந்தோஷம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இல்லை என்று எழுதிவிடலாம் என்று பலமுறை பேனாவை எடுத்தேன்.

ஆமாம் அக்கா, அதற்காகத்தான். உங்கள் ஊர்த் தீர்மானம் என் மேசைக்கு வந்த அன்றே எனக்குத் தெரியும், நீ என்னைக் கேட்பாய், நான் எது சொன்னாலும் அது சங்கம் முழுக்கப் போகும் என்று. சட்டப்படி உன்னிடம் சொல்லக் கூடாது என்பது உண்மை. ஆனால் நான் சொல்லாமல் இருந்தது சட்டத்துக்குப் பயந்து இல்லை. உன்மேல் நம்பிக்கை இருந்திருந்தால், சட்டமாவது ஒன்றாவது என்று அன்றிரவே வண்டியேறி வந்து உன் காதில் சொல்லியிருப்பேன்.

உன் தம்பி,
சொக்கநாதன்